பெயரும் பொருளும்: கணினித் தமிழ்ச் சொற்களைப் பற்றிய ஒரு திறனாய்வு

புதிய பொருள் ஒன்று மக்கள் வாழ்வில் புகும்போது அதனோடு ஒரு பெயரும் புகுகின்றது. அப்பெயர் சில வேளைகளில் பொருளைக் கொண்டுவந்தவன் வாயிலிருந்து வரும். சில வேளைகளில் அதனைக் கையாளும் உழைப்பாளியின் வாயிலேயே பிறக்கும். மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் தம் ஊரில் கண்டிராத ஒரு மரத்தை இங்குக் கண்டனர். அதன் பட்டையைச் சீவினால் பால் வடிந்தது, ‘பால்மரம்’ என்றனர். அறிஞர் குழு கூடி ஆக்கிய சொல்லன்று அது. அதே தொழிலாளர் மலாய்க்காரரின் ‘கெத்தா’வைக் ‘கித்தா’ என்று தம் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டனர். பால் வடியும் கிண்ணத்தை மலாய்ச் சொல்லை ஒட்டி ‘மங்கு’ என்றனர். ஒன்று சொந்த ஆக்கம், மற்றவை கடன். இரண்டையும் அவர்கள் கூச்சமின்றி ஆண்டனர். அச்சொற்கள் அவர்தம் வேலைக்கு உதவின. அதற்குமேல் அவர்கள் எதனையும் கேட்கவில்லை.

கணினியும் இணையமும் வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. பொருளைக் கையாள்வோர் பெயரிடவில்லை. பெயரிட்டோர் அறிஞரும் ஆசிரியரும் அகராதிக் குழுவினரும் ஆவர். அவர்கள் ஆற்றிய பணி சிறிதன்று. சில பத்தாண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான சொற்களை ஆக்கித் தமிழால் இத்துறையைப் பேச முடியும் என்று மெய்ப்பித்தனர். ஆயினும், ஆக்கப்பட்ட சொற்களை அளந்து பார்க்கும் திறனாய்வு அவ்வளவாக வளரவில்லை. கதைக்கும் கவிதைக்கும் குறைநிறை கூறும் திறனாய்வாளர், கலைச்சொல்லைக் கண்டால் ‘தமிழாக இருக்கின்றதே, போதும்’ என்று கடந்து செல்கின்றனர். தமிழாக இருப்பது மட்டும் போதுமா என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய வினா.

அளவுகோல் எது?

கணினியை முதன்முதலாகத் தொடும் ஒருவர்க்குக் கலைச்சொல் செய்ய வேண்டிய வேலைகள் நான்கு. முதலாவது, பொருளின் தொழிலை ஓரளவேனும் சொல்லே காட்ட வேண்டும். இரண்டாவது, ஒரு சொல் ஒரு பொருளையே குறிக்க வேண்டும். மூன்றாவது, அச்சொல்லிலிருந்து வேறு சொற்கள் கிளைக்க வேண்டும். நான்காவது, அது நாவில் எளிதாகப் புரள வேண்டும்.

தூய்மை இந்நான்கில் இல்லையே என்று சிலர் வருந்தக்கூடும். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசையும் வண்ணம் ஏற்பதற்கும் இடம் வைத்தார். கதவை அடைக்கச் சொன்னவரல்லர் அவர். வாசற்படியின் அளவைச் சொன்னவர். எனவே சொல் எங்கிருந்து வந்தது என்பதினும், வந்து என்ன செய்கின்றது என்பதே முதன்மையான கேள்வியாகின்றது.

வென்ற சொற்கள்

இந்நான்கு அளவுகோல்களுக்கும் ஈடுகொடுத்து நிற்கும் சொற்களுள் தலையாயது ‘இணையம்’. இதனை ஆக்கித் தந்தவர் சிங்கப்பூர்ச் சிறுகதை எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி என்று தமிழ்க் கணினி உலகம் நன்றியுடன் குறிப்பிடுகின்றது. 1995ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் அங்கே இடம்பெற உழைத்தவர் அவர். 1999இல் அவர் மறைந்தார். அவர் தந்த சொல் உலகத் தமிழர் அனைவர் வாயிலும் வாழ்கின்றது.

இச்சொல்லின் வெற்றிக்குக் காரணம் அதன் இனிமை மட்டுமன்று. பல்வேறு இடங்களில் பல்வேறு வகையாக அமைந்த கணினி வலையமைப்புகள், பொதுவான நெறிமுறை ஒன்றை ஏற்றுத் தம்முள் இணைந்தமையே இணையம். அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் 1983ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அத்தகைய பொது நெறிமுறைக்கு மாறியது இவ்வரலாற்றின் திருப்புமுனை. ‘இணை’ என்னும் வினையடி இவ்வுண்மையை அப்படியே சொல்லிவிடுகின்றது. ஆங்கிலச் சொல்லைப் பகுதி பகுதியாகப் பெயர்த்திருந்தால் ‘இடைவலை’ என்பது போன்ற உயிரற்ற சொல்லே கிடைத்திருக்கும். பெயரைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்த்ததனால் சொல் பிழைத்தது. இணைய இதழ், இணையவழிக் கல்வி, இணைய முகவரி எனக் கிளைகளும் தழைத்தன.

‘கோப்பு’, ‘கோப்புறை’ என்பனவும் வென்ற சொற்களே. கோத்து வைக்கப்பெற்றது கோப்பு. அலுவலகத்தில் தாள்களைக் கோத்து வைத்த பழக்கம் அச்சொல்லில் உறைகின்றது. கோப்புகளைப் போட்டு வைக்கும் உறை கோப்புறை. இவ்விரண்டையும் கேட்ட மாத்திரத்தில் எது எதனுள் அடங்கும் என்பதைப் புதியவர் உணர்ந்துகொள்வார். ஆசிரியர் பத்து நிமிடம் விளக்க வேண்டியதைச் சொல்லே விளக்கிவிடுகின்றது.

‘கடவுச்சொல்’ இன்னொன்று. கடவு என்பது வழி. வழிவிடும் சொல் கடவுச்சொல். ‘மறைச்சொல்’ என்றும் வழங்குவர். முன்னது அச்சொல்லின் பயனைக் காட்டுகின்றது. பின்னது அதனைக் காக்கும் முறையைக் காட்டுகின்றது. இரண்டும் நல்ல ஆக்கங்களே. ஆனால் ஒரே நூலில் இரண்டும் மாறி மாறி வருமாயின், இவை இரு வேறு பொருள்கள் போலும் என்று புதியவர் மயங்குவார்.

மயங்கும் சொற்கள்

மயக்கம் தரும் சொற்களுள் முதலில் நிற்பது ‘செயலி’. கணினியின் உள்ளே கணக்கிடும் வேலையைச் செய்யும் சில்லுக்கு ‘நுண்செயலி’ என்றும், சுருக்கமாகச் ‘செயலி’ என்றும் நூல்கள் பெயரிட்டிருந்தன. பின்னர்த் திறன்பேசி வந்தது. அதில் பதிவிறக்கிப் பயன்படுத்தும் சிறு மென்பொருள்களுக்கும் அதே ‘செயலி’ பெயராயிற்று. 2020ஆம் ஆண்டு கொவிட் பெருந்தொற்றின்போது மலேசியாவில் மைசெஜாத்ராவும் சிங்கப்பூரில் டிரேஸ்டுகெதரும் வீடுதோறும் நுழைந்தன. ‘செயலி’ என்ற சொல்லையும் முதியோர் வரை கொண்டு சேர்த்தன. இப்பொருளில் இச்சொல் இனி அசையாது. ஆனால் கணினி வாங்கச் செல்லும் மாணவன் ‘இதன் செயலி என்ன?’ என்று கேட்டால், கேட்கப்படுவது வன்பொருளா மென்பொருளா என்பது விளங்குவதில்லை. கணினிக் கல்வியின் முதற்பாடமே வன்பொருள் வேறு, மென்பொருள் வேறு என்பதாகும். அப்பாடத்தையே குழப்பும் சொல்லைப் பிழையற்றது எனக் கூற இயலாது. சில்லுக்கு ‘நுண்செயலி’ என்றே முழுதாகக் கூறுவது ஒன்றே இனி எஞ்சியுள்ள வழி.

‘சுட்டி’ என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968இல் உலகுக்குக் காட்டிய அச்சிறு கருவியை ஆங்கிலம் எலி என்றது. மலாய் மொழி எலியைக் குறிக்கும் ‘தீக்குஸ்’ என்பதிலிருந்து ‘தெத்திக்குஸ்’ என்றது. தமிழ் வடிவத்தை விட்டுத் தொழிலைப் பற்றியது. திரையில் ஓரிடத்தைச் சுட்டுவதால் சுட்டி. அருமையான ஆக்கம். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் செல்ல உதவும் இணைப்பையும் சிலர் சுட்டி என்று எழுதலாயினர். ‘இச்சுட்டியைச் சொடுக்குக’ என்று படிக்கும் புதியவர் கையிலுள்ள கருவியைப் பார்ப்பாரா, திரையிலுள்ள சொல்லைப் பார்ப்பாரா? ‘இணைப்பு’ என்னும் எளிய சொல் அருகிலேயே இருக்க, ஒரு நல்ல சொல்லை இருகூறாக்கியது தேவையற்ற செயல்.

‘நினைவகம்’ மற்றொரு சான்று. கணினி வேலை செய்யும்போது தற்காலிகமாகத் தரவுகளைத் தாங்கி நிற்பது நினைவகம். மின்சாரம் நின்றால் அதில் உள்ளவை மறைந்துபோகும். மின்சாரம் நின்றாலும் அழியாமல் கோப்புகளை வைத்திருப்பது சேமிப்பகம். தமிழில் இவ்விரு பொருள்களுக்கும் தெளிவான இரு சொற்கள் உள்ளன. இருந்தும், தொடக்க நிலைக் கையேடுகள் பல இரண்டையும் நினைவகம் என்றே எழுதிவிடுகின்றன. எழுதி முடித்த கட்டுரையைச் சேமிக்காமல் கணினியை அணைத்துவிட்டு, ‘நினைவகத்தில்தானே இருந்தது!’ என்று தேடும் மாணவனைக் குறை கூறிப் பயனில்லை. சொல் அவனைக் கைவிட்டது.

வலையமைப்பைக் குறிக்கப் ‘பிணையம்’ என்ற சொல்லும் வழங்குகின்றது. பிணைக்கப்பட்டது என்ற பொருளில் இலக்கணப்படி பிழையில்லை. எனினும், நீதிமன்றச் செய்திகளைப் படிக்கும் பொதுமகனுக்குப் பிணை என்றால் ஈடுகொடுத்து வெளிவருதலே நினைவுக்கு வரும். வழக்கில் வேரூன்றிய பொருளோடு மோதும் சொல் தோற்பதே இயல்பு.

சொற்கள் ஒருபுறம் இருக்க, கருத்து மயக்கமும் உண்டு. இணையமும் வலையும் ஒன்றே என்று பல நூல்கள் எழுதுகின்றன. இணையம் என்பது கணினிகளை இணைக்கும் கட்டமைப்பு. வலை என்பது அதன்மேல் இயங்கும் சேவைகளுள் ஒன்று. டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1991இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது. கணினிகளுக்கிடையே மின்னஞ்சலோ 1971இலேயே சென்றுவிட்டது. தண்டவாளம் வேறு, அதன்மேல் ஓடும் இரயில் வேறு. ஒரே தண்டவாளத்தில் பல இரயில்கள் ஓடும். இவ்வேறுபாட்டைக் கூறாது சொற்பட்டியலை மட்டும் அச்சிடுவது, அரிசியைத் தராமல் அளவுபடியைத் தருவது போன்றது.

எழுத்தாளர் அறிய வேண்டிய மூன்று சொற்கள்

எழுதுவோர் தவறாது பிரித்தறிய வேண்டிய சொற்கள் மூன்று: விசைப்பலகை, எழுத்துரு, குறியாக்கம். எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்ற அமைப்பு விசைப்பலகை. திரையிலும் தாளிலும் எழுத்து எவ்வடிவில் தோன்றும் என்பது எழுத்துரு. அவ்வெழுத்தைக் கணினி தன்னுள் எந்த எண்ணாக வைத்துக்கொள்ளும் என்பது குறியாக்கம்.

1990களில் இம்மூன்றும் ஒன்றாகவே கருதப்பட்டன. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியாக்கத்தையும் வைத்துக்கொண்டனர். ஒருவர் கணினியில் தட்டெழுதிய கதை மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. ‘எழுத்துரு இல்லை’ என்று அனைவரும் கூறினர்; உண்மையில் இல்லாதது பொதுக் குறியாக்கம். நோயின் பெயர் தவறானதால் மருந்தும் தவறியது. உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான யூனிகோடு 1991இல் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தும், அது பரவலாக வழக்கிற்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் பழைய எழுத்துருக்களில் சேமிக்கப்பட்ட படைப்புகள், அச்சாகாதிருப்பின், மாற்றித் தருவார் இன்றி அடைபட்டுக் கிடக்க நேர்ந்தது.

இன்றும் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் இலக்கணப்படி எழுத்து மூன்று. யூனிகோடு கணக்கிலோ குறியீடு ஐந்து: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. இணையத்தில் பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் 3 பைட் வேண்டும். ஆகவே ‘தமிழ்’ 15 பைட் இடம் கொள்ளும். பைட் ஒன்று 8 பிட். பிட் என்பது சுழியமோ ஒன்றோ ஆகும். நூறு எழுத்துகளுக்குள் எழுதுக என்று படிவம் கட்டளையிடும்போது தமிழில் எழுதுபவர்க்கு இடம் விரைவில் தீர்ந்துபோவதற்குக் காரணம், கணினி எண்ணுவது எழுத்தையன்று, குறியீட்டை என்பதே. ‘எழுத்து’ என்ற சொல்லைத் தொல்காப்பியப் பொருளிலும் கணினிப் பொருளிலும் ஒருங்கே ஆள்வதால் வரும் இடர் இது.

பெயர்ச்சொல்லைப் பெயர்க்கலாமா?

ஆர்வ மிகுதியால் நேரும் பிழை ஒன்றையும் சுட்டியாக வேண்டும். நிறுவனங்களின் பெயர்களையும் மொழிபெயர்க்கும் வழக்கம் பரவியுள்ளது. ஃபேஸ்புக் முகநூலாயிற்று, வாட்ஸ்அப் புலனமாயிற்று, டுவிட்டர் கீச்சகமாயிற்று. முகநூல் மக்கள் வழக்கில் ஊன்றிவிட்டது. அதனைப் பறிப்பது வீண். ஆனால் கொள்கை அளவில் இது பொருந்துமா? பொதுப்பெயர் மொழிக்கு உரியது. சிறப்புப்பெயர் உடையவனுக்கு உரியது. 2023ஆம் ஆண்டு டுவிட்டர் தன் பெயரை எக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. பறவையும் போயிற்று, கீச்சும் போயிற்று. கீச்சகம் மட்டும் தமிழில் தனித்து நிற்கின்றது. புலனம் என்னும் பெயரை வகுப்பில் கற்ற முதியவர் தம் திறன்பேசியில் அப்பெயரைத் தேடினால் அது கிடைக்குமா? கற்பித்த சொல்லும் காணும் சொல்லும் வேறானால் கல்வி பாதியிலேயே நின்றுவிடும்.

மலாய் மொழி இவ்வகையில் காட்டும் நடுநிலை கருதத்தக்கது. கணினியைக் ‘கொம்பியூட்டர்’ என்றும் கோப்பை ‘ஃபைல்’ என்றும் அது கடனாகவே கொண்டது. மென்பொருளுக்குப் ‘பெரிசியான்’ என்றும் பதிவிறக்கத்திற்கு ‘முவாட் துருன்’ என்றும் தானே ஆக்கிக்கொண்டது. எது வேண்டும், எது வேண்டா என்ற தெளிவு அங்கே தெரிகின்றது. தமிழுக்கு ஆக்கும் ஆற்றல் மிகுதி. அவ்வாற்றலை எங்கே நிறுத்துவது என்ற அடக்கமும் அதனோடு வர வேண்டும். பிட், பைட், வைரஸ் போன்றவை தமிழ் நாவில் எளிதாகப் புரள்கின்றன. அவற்றை விரட்டுவதற்காகச் செலவிடும் உழைப்பை, ‘செயலி’யின் குழப்பத்தைத் தீர்ப்பதற்குச் செலவிடலாம்.

இரு கரைகள்

சிங்கப்பூரில் ‘மின்னிலக்கம்’ என்று எழுதப்படுவது, பாலம் கடந்து ஜொகூர் வந்ததும் ‘இலக்கவியல்’ ஆகிவிடுகின்றது. தமிழகத்தில் ‘டிஜிட்டல்’ என்றும் ‘எண்ணிமம்’ என்றும் வழங்குகின்றது. கணினியையே இலங்கையில் ‘கணனி’ என்று எழுதுவோர் உளர். ஒரே பொருள், ஒரே மொழி, பல பெயர்கள்.

ஒன்றுபட முடியாது என்று சோர்வதற்கு இடமில்லை. 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2000இல் மீண்டும் சிங்கப்பூரிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நிகழ்ந்தன. விசைப்பலகைக்குத் ‘தமிழ்99’ என்னும் பொது அமைப்பு 1999இல் உருவாயிற்று. பல நாட்டாரும் கூடும் ‘உத்தமம்’ என்ற அமைப்பு 2000இல் தோன்றியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் செல்லினமும் கடல் கடந்த தமிழர் பலரையும் தட்டெழுத வைத்தன. விசைகளில் ஒன்றுபட்டவர்கள் சொற்களில் ஒன்றுபடாமல் போவது விந்தையே. குறைந்தது, புதியவர் முதல் மாதத்தில் சந்திக்கும் நூறு சொற்களையேனும் இரு கரைகளிலும் ஒன்றாக வைத்துக்கொள்ளல் இயலாத செயலன்று.

சொல் காக்கும் பொருள்

இவையெல்லாம் புலவர் பூசல் என்று யாரும் எண்ணிவிடலாகாது. 2021ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் சிங்கப்பூர் வங்கி ஒன்றின் பெயரால் போலிக் குறுஞ்செய்திகள் பரவின. அவற்றிலிருந்த இணைப்பைத் தொட்டுத் தம் விவரங்களை அளித்த ஏறத்தாழ 790 பேர், மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். எல்லா மொழியினரையும் அச்சுறுத்தும் ஆபத்து இது. இங்கே சொல் ஒன்று சேமிப்பைக் காக்கவும் கூடும்.

‘ஓடிபி’ என்று சொல்லிக் கொடுத்தால் முதியவர் கற்பது மூன்று ஒலிகளை மட்டுமே. ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ என்று சொல்லிக் கொடுத்தால் அவர் கற்பது, இது ஒரு கதவைத் திறப்பது, ஒருமுறைதான் திறப்பது, பிறரிடம் சொன்னால் அவர் உள்ளே வந்துவிடுவார் என்பதை. ஏமாற்றி விவரம் பறிக்கும் இம்மோசடிக்குத் ‘தூண்டிலிடல்’ என்று பெயர் தந்தால், இரை தெரிந்து முள் தெரியாத மீனின் நிலை அவர் மனக்கண்ணில் நிற்கும். இணைப்பின் ‘முகவரி’யைப் படிக்கவும் அவர்க்குக் கற்பிக்க வேண்டும். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விடுத்து, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டிற்குச் சற்று முன் நிற்கும் பெயரே தளத்தின் உரிமையாளரைக் காட்டும். முன்னே எந்த வங்கியின் பெயர் ஒட்டியிருந்தாலும் அது வெறும் வேடம். வீட்டு முகவரியில் தெருப்பெயரைக் கண்டு ஏமாறாமல் ஊர்ப்பெயரையும் பார்ப்பவர்க்கு இது விளங்காத செய்தியன்று.

தெளிந்த சொல் தெளிந்த அறிவுக்கு வாசல். ஆகவே ஆசிரியரும் செய்தியாளரும் எழுத்தாளர் சங்கங்களும் செய்யத்தக்கன மூன்று. ஒன்று, ஒரு பொருளுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்து அதனை விடாது ஆளுதல். இரண்டு, சொல்லைத் தந்த இடத்திலேயே அதன் தொழிலையும் ஓரிரு வரிகளில் விளக்குதல். மூன்று, பயன்படுத்துவோர் வாயில் எச்சொல் நின்றது, எது உதிர்ந்தது என்பதைக் கேட்டறிந்து பட்டியலைத் திருத்துதல்.

மூன்றாவதே இன்றுவரை மிகவும் புறக்கணிக்கப்பட்டது. பால்மரம் என்று பெயரிட்டவர் மரத்தின் அடியில் நின்றவர். கணினியின் முன் அமர்ந்திருக்கும் மூதாட்டியும் மாணவனும் கடைக்காரரும் தரும் சொற்களுக்கும் கலைச்சொற் குழுக்களின் மேசையில் ஓர் இடம் வேண்டும். அவர்கள் திருத்தித் தரும் சொல்லே நிலைக்கும். அச்சொல்லால் கற்ற அறிவே அவர்களுக்குத் துணையாகும்.